கேள்வி - பதில்: சேவல் காவல் நிற்கும் காலிக் கோட்டை

போன மாதம் தரங்கம்பாடி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "மதிலோடும் மக்களோடும் முழுசாக நிற்கிற கடலோர நகரம் பார்க்கணுமா, இலங்கையில் காலிக்குப் போங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த வாரம் மேசையை நிரப்பியிருக்கின்றன. தனித்தனியாகப் பதில் எழுதினால் வருஷம் ஓடிவிடும். அதனால் இந்த வாரம் முழுக்கக் காலிதான். சினிமா, அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

காலியில் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது என்கிறார்களே, உண்மையா? யார் வெட்டியது, சோழர்களா? (திருநெல்வேலி வாசகர்)

கிடைத்தது உண்மை. சோழர்கள் இல்லை. வெட்டச் சொன்னவர்கள் சீனர்கள்!

1911ல் காலி ஊருக்குள் ஒரு மதகின் மேல் மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்த பலகைக் கல்லை ஓர் எஞ்சினியர் கவனித்தார். திருப்பிப் பார்த்தால் மூன்று மொழிகளில் எழுத்து: சீனம், தமிழ், பாரசீகம். சுமார் நாலே முக்கால் அடி உயரக் கல், மேலே இரண்டு டிராகன்கள். சீனப் பகுதியில் உள்ள தேதியை நம் கணக்குக்கு மாற்றினால் 1409 பிப்ரவரி வருகிறது. மிங் வம்சத்துப் பேரரசர் யோங்லெயின் பெயரால் கல்லை நான்ஜிங்கில் செதுக்கி, தளபதி செங் ஹேயின் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதாவது இந்தத் தமிழ் எழுத்து சீனாவில் வெட்டப்பட்டது. ரொம்ப ஆச்சரியப்பட வேண்டாம், சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது. நம் வணிகர்கள் அங்கே போய்ச் சிவன் கோயில் கட்டிய காலம் அது.

உண்மையில் ருசிகரமான விஷயம், மூன்று பகுதிகளும் ஒரே சாமிக்குப் பேசவில்லை என்பது. சீனப் பகுதியில் காணிக்கை புத்தருக்கு. தமிழ்ப் பகுதியில் தெனாவரை நாயனாருக்கு, அதாவது காலிக்குக் கிழக்கே தேவந்துறையில் கோயில் கொண்டிருந்த பெருமாளுக்கு. பாரசீகப் பகுதியில் அல்லாவுக்கு. கொடுத்ததும் பாரபட்சமில்லாமல் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, வாசனை எண்ணெய் என்று போகிறது. அந்தக் கரையில் வியாபாரம் செய்ய வேண்டுமானால் இந்த மூன்று கூட்டத்தையும் கையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று செங் ஹேவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பக்தியை மட்டும் பார்த்து மயங்கிவிட வேண்டாம், கல்வெட்டுத் தேதிக்கு இரண்டு வருஷத்துக்குள் அதே செங் ஹே இங்கே ஆட்சி செய்த அழகக்கோனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். ஒரு கையில் காணிக்கைத் தட்டு, மறு கையில் விலங்கு.

தேவந்துறைக் கோயிலை 1588ல் போர்ச்சுகீசியர் இடித்தார்கள். கல் பிழைத்தது, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலிக்குப் போய்த் தேடினால் கிடைக்காது, கொழும்பில் இறங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

கோட்டையைக் கட்டியது போர்ச்சுகீசியரா, டச்சுக்காரரா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (சேலம் வாசகி)

இரண்டு பேருமேதான். ஆனால் இன்று நீங்கள் பார்ப்பது டச்சுக் கோட்டை.

அதற்கும் முன்னாலேயே காலி துறைமுகம்தான். 1344ல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா, தேவந்துறையிலிருந்து காலிக்கு வந்ததையும் அங்கே இப்ராஹிம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தன் வீட்டில் விருந்து வைத்ததையும் எழுதியிருக்கிறார். போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே கோட்டை கட்டினார்கள். காலி ஒரு பாறை முனை, மூன்று பக்கமும் கடல். தரைப்பக்கத்தை மட்டும் குறுக்கே அடைத்துச் சுவரும் மூன்று கொத்தளங்களும் எழுப்பினார்கள். கடல் பக்கத்தைப் பாறைகள் பார்த்துக்கொள்ளும் என்று கணக்கு.

கண்டி மன்னன் இரண்டாம் ராஜசிங்கனுக்குப் போர்ச்சுகீசியரைத் துரத்த வேண்டும். டச்சுக்காரருக்கு இலவங்கப்பட்டை வேண்டும். 1638ல் ஒப்பந்தம் போட்டார்கள். பிடிக்கிற கோட்டைகளில் டச்சுப் படை தங்கலாம், "மன்னர் விரும்பினால்" என்று அதில் ஒரு நிபந்தனை. கேளுங்கள் கூத்தை: அந்த வார்த்தை மன்னர் கையில் இருந்த பிரதியில் இருந்தது, டச்சுப் பிரதியில் இல்லை. 1640 மார்ச்சில் வில்லெம் யாக்கோப்ஸ் கோஸ்டர் தலைமையில் டச்சுக்காரர்கள் கிழக்கே உணவட்டுன பக்கம் கரையிறங்கி, தரைவழியாக வந்து மோதி, மார்ச் 13ஆம் தேதி கோட்டையைப் பிடித்தார்கள். பிடித்தது பிடித்ததுதான், திருப்பித் தரவில்லை. கோஸ்டர் கண்டிக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பும் வழியில் அதே ஆண்டு வெட்டிக் கொல்லப்பட்டார். "இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய மாதிரி" என்று சிங்களத்தில் ஒரு பழமொழி உண்டு. போர்ச்சுகீசியரை அனுப்பி டச்சுக்காரரை வாங்கிய கதையைத்தான் அதோடு சேர்த்துச் சொல்வார்கள்.

அதன்பிறகு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நிதானமாக உட்கார்ந்து கட்டியது. சுமார் 130 ஏக்கர் முனையைச் சுற்றி முழு மதில், 14 கொத்தளங்கள். தரைப்பக்கம் இருக்கிற மூன்று பெரிய கொத்தளங்களுக்குச் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர். கடல் பக்கம் டிரைட்டன், நெப்டியூன், ஏயோலஸ் என்று கிரேக்க, ரோமானியக் கடல் சாமிகளும் காற்றுச் சாமியும். அக்கர்ஸ்லூட் என்று ஒரு கொத்தளம், அது கோஸ்டர் பிறந்த ஊர்ப் பெயர். போர்ச்சுகீசியர் மிச்சம் என்று காட்டப்படுவது துறைமுகம் பக்கம் இருக்கிற கறுப்புக் கொத்தளம்.

மதிலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கருங்கல்லுக்கு நடுவில் ஓட்டை ஓட்டையாகப் பஞ்சு போன்ற வெளுத்த கல் தெரியும், சில இடத்தில் மூளை மடிப்பு மாதிரி வரி ஓடும். அது பவளக் கல், இலங்கைத் தமிழில் முருகைக்கல். கடலிலிருந்து எடுத்து, கடலைத் தடுக்கச் சுவர் வைத்திருக்கிறார்கள். பிளான் ஐரோப்பாவுடையது, ஆனால் நீளம், அகலம், உயரம் எல்லாம் உள்ளூர் அளவு முறையில் அமைந்திருப்பதாக யுனெஸ்கோ குறிப்பே சொல்கிறது. 1988ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்தக் கலப்புதான் முக்கியக் காரணம். கொத்தனார் நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் என்றால் முழக்கோல் அவருடையதாகத்தானே இருக்கும்!

2004 சுனாமியில் காலி நகரமே அழிந்ததாக அப்போது டிவியில் காட்டினார்கள். கோட்டை எப்படித் தப்பியது? (கடலூர் வாசகர்)

கடலூரிலிருந்து இந்தக் கேள்வி வருவதன் கனம் புரிகிறது, ஐயா.

நீங்கள் டிவியில் பார்த்தது கோட்டைக்கு வெளியே இருக்கும் புதுநகரம். பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் கோட்டைச் சுவருக்கு நேர் எதிரே, தாழ்வான நிலத்தில் இருக்கின்றன. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, இலங்கையில் பௌர்ணமிப் போயா விடுமுறை வேறு. பஸ் நிலையத்தில் பஸ்கள் மிதந்து ஒன்றோடொன்று மோதியதை உலகமே பார்த்தது. அதே நேரம், நடந்தே போகக்கூடிய தூரத்தில், கோட்டைக்குள் பெரிய சேதம் இல்லை. முதல் காரணம் இடம்: கோட்டை நிற்பது உயரமான பாறை முனை. அலை வந்து மோதினாலும் பக்கவாட்டில் பிரிந்து தாழ்வான இடத்தைத் தேடி ஓடும், அந்தத் தாழ்வான இடம்தான் நகரம். இரண்டாவது மதிலின் கனம். பீரங்கிக் குண்டுக்காகக் கட்டிய சுவர் தண்ணீரைத் தாங்கியது.

எனக்கு இதில் ஒரு விஷயம் மனதில் தைக்கும். டச்சுக்காரர்கள் இவ்வளவு பெரிய மதில் கட்டினார்களே, அதை வைத்து ஒரு பெரிய முற்றுகையைச் சந்தித்தார்களா என்றால், இல்லை. 1796 பிப்ரவரியில் கொழும்பு சரணடைந்தது, அடுத்த சில நாளில் காலியைச் சண்டையில்லாமல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். இந்தச் சுவர் நிஜமாகச் சண்டை போட்டது கட்டி முன்னூறு வருஷத்துக்குப் பிறகு, அதுவும் கடலோடு.

சேதமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1659ல் காலி விரிகுடாவிலேயே மூழ்கிய 'அவொண்ட்ஸ்டெர்' என்ற டச்சுக் கம்பெனிக் கப்பலை, சுனாமிக்குச் சில வருஷம் முன்பிருந்து கடலடித் தொல்லியலாளர்கள் ஆய்வு செய்து, பொருட்களை மேலே எடுத்துப் பதப்படுத்தி வந்தார்கள். கரையோரம் இருந்த அவர்களுடைய ஆய்வுக்கூடம் சுனாமியில் போய்விட்டது. கடலிலிருந்து எடுத்த பொருட்களில் ஒரு பகுதியைக் கடலே திரும்ப வாங்கிக்கொண்டது.

கொழும்பிலும் டச்சுக் கோட்டை இருந்தது, 'கோட்டை' என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். காலி மட்டும் எப்படி முழுசாக நிற்கிறது? அரசாங்கம் பாதுகாத்ததா? (வெள்ளவத்தை வாசகர்)

நல்ல கேள்வி. பாதுகாப்பு எல்லாம் பின்னால் வந்தது. முதலில் காலியைக் காப்பாற்றியது அதன் துரதிர்ஷ்டம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் முக்கியத் துறைமுகம் காலிதான். ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் நீராவிக் கப்பல்கள் இங்கே நின்று நிலக்கரி ஏற்றின, தபால் மூட்டைகள் இங்கே கைமாறின. இலங்கையின் முதல் தந்திக் கம்பி 1858ல் காலிக்கும் கொழும்புக்கும் நடுவில் இழுக்கப்பட்டது, கப்பலில் வரும் வெளிநாட்டுச் செய்தி சீக்கிரம் கொழும்பு போகணும் என்றுதான். கப்பல் பயணிகள் தங்க, பழைய டச்சு அதிகாரிகள் கட்டடத்தில் நியூ ஓரியண்டல் ஓட்டல் வந்தது. நல்ல வருமானம், நல்ல கூட்டம்.

ஆனால் காலித் துறைமுகத்துக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. தண்ணீருக்கடியில் பாறை, தென்மேற்குப் பருவக்காற்றில் பொல்லாத அலை. கப்பல்களைத் தின்கிற வாசல் அது. இன்னொரு பக்கம் மலையகத்திலிருந்து காப்பி மூட்டை கண்டி ரயிலில் ஏறி (1867ல் வந்த ரயில்) நேராகக் கொழும்புக்கு இறங்குகிறது. சரக்கு ஓரிடம், துறைமுகம் ஓரிடம் என்று எத்தனை நாள் ஓடும்? 1875ல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள். பத்து வருஷத்தில் அது முடிந்தது. கப்பல்கள் ஒவ்வொன்றாக அங்கே போய்விட்டன. காலியின் கதை அத்தோடு படுத்துவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொழும்பு வளர்ந்தது, வளர இடம் வேண்டியிருந்தது, 1869லிருந்து இரண்டு மூன்று வருஷத்தில் மதிலை இடித்துத் தள்ளினார்கள். காலியில் இடித்து என்ன செய்வது? யாருக்கும் அந்த இடம் அவசரமாகத் தேவைப்படவில்லை. ஆங்கிலேயர் செய்த பெரிய உடைப்பு 1873ல் சூரியன், சந்திரன் கொத்தளங்களுக்கு நடுவில் போட்ட புது வாசல்தான். இன்று ஆட்டோக்கள் நுழைவது அதன் வழியாக. மற்றபடி தெரு அதே தெரு, மனை அதே மனை. பணம் வந்திருந்தால் அங்கேயும் மாடிக் கட்டடம் எழும்பி, மதில் சரளைக் கல்லாகப் போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழமையைக் காப்பாற்றியவர்கள் பட்டியல் போடும்போது வறுமையையும் அதில் சேர்க்கணும், யாரும் சேர்ப்பதில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் வெளிநாட்டவர் வீடு வாங்கினார்கள், வீடுகள் ஓட்டலாகவும் நகைக்கடையாகவும் மாறின. நெதர்லாந்து உதவியோடு பல வீடுகளின் முன்திண்ணைகளைப் பழைய முறையில் மீட்டுக் கட்டிக் கொடுத்தார்கள், அது நல்ல வேலை. ஆனால் திண்ணையில் உட்கார வீட்டுக்காரர் இருக்கணுமே. கோட்டைக்குள் நீதிமன்றம் இருக்கிறது, வக்கீல் ஆபீஸ்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடம், பள்ளிவாசல், கோயில் மணி, மாலையில் மதில்மேல் பட்டம் விடும் பசங்கள் எல்லாம் இன்னும் இருக்கிறது. அது இருக்கும்வரைதான் அது ஊர். வறுமையால் தப்பித்த கோட்டை வசதியால் தப்பிக்குமா என்பதுதான் எனக்குக் கவலை.

நான் சிவில் எஞ்சினியர். டச்சுக்காரர்கள் கட்டிய சாக்கடை இன்றும் வேலை செய்கிறதாமே? (தஞ்சாவூர் வாசகர்)

கோட்டைத் தெருக்களுக்கு அடியில் செங்கல் வைத்துக் கட்டிய கால்வாய்கள் ஓடுகின்றன. அமைப்பின் சூட்சுமம் எளிமையானது: கடல் ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே புகும், வற்றத்தில் அழுக்கை இழுத்துக்கொண்டு வெளியே போகும். மோட்டார் வேண்டாம், ஆள் வேண்டாம், சந்திரன் இருந்தால் போதும். இலங்கைப் பக்கம் கடல் ஏற்ற இறக்கம் ரொம்பக் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் சரிவைக் கொஞ்சம் தப்பாகப் போட்டாலும் மொத்தமும் கெட்டிருக்கும். அவ்வளவு நுணுக்கமாக மட்டம் பார்த்திருக்கிறார்கள். டிரைட்டன் கொத்தளத்தில் ஒரு காற்றாலை வைத்துக் கடல் தண்ணீரை மேலே ஏற்றி, புழுதி அடங்கத் தெருவில் தெளித்ததாகவும் சொல்வார்கள். இன்று கோட்டைக்குள் நடப்பவர்கள் கண்ணில் படுவது மேல் மூடிகள் மட்டும். தெருவோரம் பூவரச மரம் நட்டு நிழல் பண்ணியதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் டவுன் பிளானிங்தானே.

எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையும் டச்சுக்காரர் கட்டியதுதான். காலிக்குக் கிடைக்கும் மரியாதை அதற்கு ஏன் இல்லை? (யாழ்ப்பாண வாசகி)

உங்கள் ஆதங்கம் நியாயம்தான். கட்டுமானத்தைப் பார்த்தால் யாழ்ப்பாணம் காலியைவிட அழகான கோட்டை என்றே சொல்வேன். 1658ல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்து, ஐந்து முனை வைத்துக் கணக்காகக் கட்டினார்கள். வெளி அரண் எல்லாம் முடிய 1792 ஆகிவிட்டது. முடித்து மூன்றே வருஷத்தில், 1795ல், ஆங்கிலேயரிடம் சண்டையில்லாமல் கொடுத்துவிட்டார்கள். காலி கதைதான்.

வித்தியாசம் இரண்டு. காலி மதிலுக்குள் ஒரு நகரம் வாழ்ந்தது, யாழ்ப்பாணத்தில் கோட்டை தனி, ஊர் தனி. உள்ளே இருந்தது படையும் அலுவலகமும் சிறையும்தான். இரண்டாவது, நீங்கள் அறிந்தது: போர். 1990 முற்றுகையும் அதன் பின் நடந்ததும் உள்ளே இருந்த 1706ஆம் ஆண்டு டச்சுத் தேவாலயத்தை இல்லாமல் செய்துவிட்டன. மதில்களைப் பிறகு செப்பனிட்டார்கள். காலிக்குக் கடல் வெளியே நின்றது, யாழ்ப்பாணத்துக்குச் சண்டை உள்ளேயே வந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

முரளிதரன் 800ஆவது விக்கெட் எடுத்தது காலியில்தானே? கோட்டை மேலிருந்து மேட்ச் பார்க்கலாமா? (மதுரை, கல்லூரி மாணவர்)

காலியில்தான் தம்பி, 2010 ஜூலை 22, அதுவும் நம்ம டீமுக்கு எதிராக! அதுதான் தன் கடைசி டெஸ்ட் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு 792ல் இறங்கினார். எட்டு வேண்டும். நடுவில் ஒரு நாள் முழுக்க மழை. ஏழு விழுந்தபின் எட்டாவது வருவேனா என்று ஆட்டம் காட்டி, கடைசியில் பிரக்யான் ஓஜா மட்டையில் பட்டு ஸ்லிப்பில் மகேல ஜயவர்த்தன கையில் விழுந்தது. மைதானம் சுனாமியில் நாசமாகி 2007 டிசம்பரில்தான் திரும்ப டெஸ்ட் கண்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மதிலில் நின்று மேட்ச் பார்ப்பது காலியின் பழைய பழக்கம். மணிக்கூண்டு இருக்கும் சந்திரன் கொத்தளப் பக்கம் போனால் மைதானம் மொத்தமும் காலடியில் விரியும். பெரிய மேட்ச் சமயத்தில் போலீஸ் கட்டுப்பாடு போடுவதும் உண்டு, அன்றைய நிலவரம் கேட்டுக்கொண்டு போங்கள். வெயிலுக்குக் குடை எடுக்க மறக்காதீர்கள், அங்கே நிழல் கிடையாது.

கலங்கரை விளக்கம் எதிரே இருப்பது சர்ச்சா, பள்ளிவாசலா? போட்டோ பார்த்துக் குடும்பத்தில் சண்டையே வந்துவிட்டது. (கோலாலம்பூர் வாசகி)

பள்ளிவாசல். மீரான் ஜும்மா பள்ளி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. இரண்டு பக்கமும் கோபுரம், நடுவில் முக்கோண முகப்பு என்று பார்த்தால் யாரும் சர்ச் என்றுதான் சொல்வார்கள். உற்றுப் பார்த்தால் பிறை தெரியும், அரபி எழுத்து தெரியும். பந்தயம் கட்டியது யார் என்று எழுதவில்லையே!

கோட்டைக்குள் முஸ்லிம் குடும்பங்கள் கணிசம். பல வீடுகளில் தமிழ் காதில் விழும். நீங்கள் தமிழில் வழி கேட்டால் தமிழிலேயே பதில் வரும், ரத்தினக்கல் விலையும்கூட. நூறு வருஷம் கடந்த அரபுக் கல்லூரி ஒன்றும் உள்ளேயே இருக்கிறது. தொழுகை நேரம் தவிர்த்து, உடை ஒழுங்காக இருந்தால் பள்ளிவாசலைப் பார்க்க விடுவார்கள். செருப்பை வெளியே விடுங்கள்.

அருகில் நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1939ல் கட்டியது, 26 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1848ல் வைத்த முதல் விளக்கு தீயில் போனபிறகு வந்தது இது.

கொழும்பிலிருந்து ஒரே நாளில் காலி பார்த்துத் திரும்ப முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அவர்களையும் அழைத்துப் போகலாமா? (சென்னை வாசகர்)

முடியும், தாராளமாக அம்மாவை அழைத்துப் போங்கள். கோட்டைத் தெருக்கள் சமதளம். மதில் மேலே ஏறத்தான் படியும் சரிவும், அதைச் சூரியன் சாயும் நேரத்துக்கு வைத்துக்கொண்டு, சரிவு குறைந்த இடமாகப் பார்த்து ஏற்றிவிடுங்கள்.

போகும்போது ரயில், வரும்போது எக்ஸ்பிரஸ்வே பஸ் என்பது என் சிபாரிசு. கொழும்பு கோட்டை நிலையத்தில் ஏறினால் இரண்டரை மணி நேரம் போல ஆகும், கடல் வலது ஜன்னலிலேயே கூட வரும், ஆகவே வலது பக்கம் இடம் பிடியுங்கள். வழியில் பெரலிய என்ற ஊர் வரும். சுனாமி அன்று இதே பாதையில் போன ரயிலை அலை புரட்டிப்போட்டு 1,700 பேருக்கு மேல் இறந்த இடம். அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது.

காலியில் இறங்கிக் கோட்டைக்கு நடக்கலாம், அம்மாவுக்காக ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. எல்லாரும் புது வாசல் வழியாக நுழைகிறார்கள், நீங்கள் துறைமுகம் பக்கம் இருக்கும் பழைய வாசல் வழியாக நுழையுங்கள். வெளியே மேலே பார்த்தால் பிரிட்டிஷ் அரச முத்திரை. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் வேறு முத்திரை: இரண்டு சிங்கங்கள் கம்பெனிக் கேடயத்தைப் பிடித்திருக்க, அதன் தலைமேல் ஒரு சேவல் நிமிர்ந்து நிற்கும். கீழே ரோமன் எண்ணில் 1669. வந்தவன் தன் முத்திரையை வெளியே ஒட்டினான், பழையதை உள்ளே விட்டுவிட்டான். ஒரே வாசலில் இரண்டு ஆட்சி!

இந்த வாசல் துளைத்துக்கொண்டு போகிற நீளக் கட்டடம்தான் பெரிய கிட்டங்கி. இலவங்கப்பட்டை, கயிறு, சோழி என்று கம்பெனிச் சரக்கு அடுக்கியிருந்த இடம், இப்போது கடல்சார் அருங்காட்சியகம். அவொண்ட்ஸ்டெர் கப்பல் பற்றி அங்கே பார்க்கலாம், டிக்கெட் உண்டு. அப்புறம் சர்ச் வீதியில் 1755ஆம் ஆண்டு டச்சுத் தேவாலயம். ரொம்ப நாள் பிள்ளையில்லாமல் இருந்து மகள் பிறந்த நன்றிக்காக அதிகாரி ஒருவர் கட்டினார் என்பது கதை. உள்ளே நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. தரையெல்லாம் கல்லறைக் கற்கள், மண்டையோடும் மணற்கடிகாரமும் செதுக்கியவை. அம்மாவுக்கு அந்தச் சமாசாரம் பிடிக்காது என்றால் ஓரமாக நடக்கச் சொல்லுங்கள்.

மதியம் பெட்லர் வீதியில் சாப்பிடலாம், ஆனால் அங்கே விலை சுற்றுலா விலை. கோட்டைக்கு வெளியே வந்தால் சோறு, மீன்கறி, பருப்பு, சம்பல் என்று பாதி விலையில் வயிறு நிறையும். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், மாசிக் கருவாட்டுத் தூள் சம்பலில் இருக்கும்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே தாண்டினால் தென்மேற்குப் பருவமழை. அந்த அலையைப் பார்ப்பதும் ஒரு அழகுதான் என்பேன், ஆனால் அம்மாவோடு வேண்டாம்.

கொடிப் பாறையிலிருந்து கடலில் குதிக்கும் வீடியோ பார்த்தேன். நானும் குதிக்கலாமா? (திருச்சி வாசகர், வயது 19)

கூடாது. அந்தப் பசங்களுக்கு எந்த இரண்டு பாறைக்கு நடுவில் ஆழம் என்று சின்ன வயதிலிருந்து தெரியும், பார்க்கிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டுதான் குதிக்கிறார்கள். கப்பல் மாலுமிகளையே ஏமாற்றிய பாறைகள் அவை. அந்தக் காலத்தில் பாறை இருக்கிறது என்று கப்பல்களை எச்சரித்த இடமே இந்தக் கொடிப் பாறை கொத்தளம்தான். மேலே நின்று ஒரு ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள். குதிப்பவனுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுங்கள்.

(அடுத்த வாரம் வழக்கம்போல எல்லா விஷயமும். கேள்விகளைச் சுருக்கமாக அனுப்பவும், நாலு பக்கக் கேள்விக்கு நாலு வரிப் பதில்தான் கிடைக்கும்.)